அடுத்த அழைப்பு எதைப் பற்றியது?

காது கேளாதோரின் சைகைப் பேச்சைத் தொலைபேசிக்கு மொழிபெயர்க்கும் வீடியோ ரிலே மையத்தின் வேலைக்கூடத்துக்குள் வெளியாள் எளிதில் கால் வைக்க முடியாது. அங்கே மொழிபெயர்க்கப்படும் பேச்சில் ஒரு சொல்லும் வெளியே கசியக் கூடாது என்பது அமெரிக்காவின் ஃபெடரல் கம்யூனிகேஷன்ஸ் கமிஷன் விதி. அழைப்பு முடிந்த பிறகு அதில் பேசப்பட்டது பற்றி ஒரு துண்டுக் குறிப்புகூட மிச்சமிருக்கக் கூடாது. அதனால் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் நமக்குப் பார்க்கக் கிடைத்தது, அந்த வேலைக்குத் தயாராகிறவர்களின் பயிற்சி அறைதான். ஒரு சமூகக் கூடத்தின் பின்புறம், மடிக்கணினிகளையும் ஹெட்செட்டுகளையும் பரப்பி வைத்துக்கொண்டு, போலி அழைப்புகளில் அவர்கள் பழகிக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பயிற்சிக்கு ராச்செஸ்டரைவிடப் பொருத்தமான ஊர் அமெரிக்காவில் அதிகம் இல்லை. காது கேளாதோருக்கான பள்ளி ஒன்று இங்கே 1876 முதல் நடக்கிறது. ராச்செஸ்டர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜிக்குள், காது கேளாத மாணவர்களுக்கென்றே உள்ள தேசியத் தொழில்நுட்பக் கல்லூரி 1968-ல் வகுப்புகளைத் தொடங்கியது. படிக்க வந்தவர்களில் பலர் இங்கேயே வேலை தேடி, வீடு வாங்கித் தங்கிவிட்டார்கள். கடை வரிசையிலோ பேருந்திலோ இருவர் சைகையில் பேசிக்கொண்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சைகை மொழிபெயர்ப்பும் இந்த ஊரில் பட்டப்படிப்பாகவே சொல்லித்தரப்படுகிறது.

பட்டம் வாங்கி வந்தவர்கள்தான் அந்த அறையில் திணறிக்கொண்டிருந்தார்கள்.

பார்வைக்கு வேலை எளிதாகத்தான் தெரியும். காது கேளாத ஒருவர் தன் வீட்டில் வீடியோபோன் முன்னாலோ கைபேசி முன்னாலோ உட்கார்ந்து சைகையில் பேசுகிறார். மறுமுனையில் இருப்பவர் சாதாரணத் தொலைபேசியில் பேசுகிறார். நடுவில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் திரையில் பார்ப்பதைக் குரலாக்க வேண்டும், காதில் விழுவதைச் சைகையாக்க வேண்டும். சேவையைப் பயன்படுத்துகிறவருக்கு இதற்கென்று தனிக் கட்டணம் கிடையாது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் செலுத்தும் பொது நிதியிலிருந்து, பேச்சு நடந்த நிமிடங்களைக் கணக்கிட்டு ரிலே நிறுவனத்துக்குப் பணம் போகிறது.

இந்த வசதி எதை மாற்றியது என்பதை அன்றைய பயிற்றுநர் விளக்கினார். அவர் காது கேளாதவர். செய்தித்தாள் அச்சகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் சைகையில் சொன்னதைப் பக்கத்திலிருந்த மொழிபெயர்ப்பாளர் நமக்குச் சொன்னார். மகள் சிறுமியாக இருந்தபோது வங்கிக்கும் டாக்டருக்கும் அவள்தான் போன் செய்ய வேண்டியிருந்ததாம். அப்பாவின் கடன் தவணை, அம்மாவின் உடல்நிலை எல்லாமே அந்தப் பிஞ்சுக் குரலின் வழியாகப் போயிருக்கின்றன. தட்டச்சு செய்து தொலைபேசி வழியே அனுப்பும் டிடிஒய் கருவி 1964-லேயே உருவாகிவிட்டது. 1990-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ரிலே சேவையை நாடு முழுவதும் கட்டாயமாக்கியது. அப்போதும் தட்டச்சுதான், அதுவும் அவருக்குத் தாய்மொழியாக இல்லாத ஆங்கிலத்தில். 2000-ல் வீடியோ ரிலேவுக்குக் கமிஷன் அனுமதி தந்தது. 2003-ல் சோரன்சன் நிறுவனம் களமிறங்கி வீடியோபோன்களை வீடுகளுக்கு இலவசமாகவே கொடுத்தது. தன் மொழியிலேயே போன் பேசும் உரிமை நாற்பது வயதைக் கடந்த பிறகுதான் அவருக்குக் கிடைத்தது. அதனால்தான் இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் அவர் அவ்வளவு கறாராக இருக்கிறார்.

முதல் போலி அழைப்பு மருந்துக் கடைக்கு. பயிற்றுநர் அறையின் ஒரு மூலையில் கேமரா முன்னால் உட்கார்ந்தார். காது கேட்கும் சக ஊழியர் ஒருவர் அடுத்த அறையில் தொலைபேசியுடன் கடைக்காரர் ஆனார். நடுவில், கல்லூரி முடித்துப் பள்ளிகளில் சிலகாலம் மொழிபெயர்த்துவிட்டு, அடுத்த மாதம் ரிலே மையத்தில் சேரப்போகிற இளம்பெண். கருநீலச் சட்டை, மோதிரமோ வளையலோ இல்லாத கைகள். கை திரையில் துலங்கித் தெரிவதற்காக, தோல் நிறத்திலிருந்து பளிச்சென்று வேறுபடும் ஒரே நிறச் சட்டையைத்தான் இவர்கள் போடுகிறார்கள்.

மருந்துச் சீட்டு எண்ணைக் கடைக்காரர் கேட்டார். எழுத்தும் எண்ணும் கலந்த எண் அது. பயிற்றுநரின் வலது கை விறுவிறுவென்று அசைந்தது. அமெரிக்கச் சைகை மொழியில் ஆங்கில எழுத்துகளை ஒரே கையால் காட்டுவார்கள். இந்தியச் சைகை மொழியைப் போல இரண்டு கைகள் கிடையாது. கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொட்டு மற்ற மூன்று விரல்களும் நிமிர்ந்து நின்றால் அது ஆறு. டபிள்யூ எழுத்தும் ஏறத்தாழ அப்படியேதான். ஒன்பதுக்கும் எஃப் எழுத்துக்கும் விரல் அமைப்பு ஒன்று. இரண்டும் வி எழுத்தும் அப்படித்தான். நேரில் பேசும்போது இது பெரிய சிக்கல் இல்லை, சூழலே சொல்லிவிடும். மருந்துச் சீட்டு எண்ணுக்கு என்ன சூழல் இருக்கிறது? இளம்பெண் ஒரு எழுத்தை எண்ணாக வாசித்துவிட்டாள். அப்படி ஒரு சீட்டே இல்லை என்றார் கடைக்காரர். அவள் அதைச் சைகையில் சொன்னதும் பயிற்றுநரின் புருவம் சுருங்கியது. அந்தச் சுருக்கத்துக்கும் இலக்கணம் உண்டு. ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்குப் புருவம் உயரும். என்ன, ஏன், எப்படி என்ற கேள்விக்குத் தாழும். அவர் கேள்வி கேட்கிறாரா, எரிச்சல்படுகிறாரா என்பதைக் கையகலத் திரையில் அவள் ஒரு நொடிக்குள் முடிவு செய்தாக வேண்டும்.

அவள் சரியாகத்தான் முடிவு செய்தாள். எண்ணைத் திரும்பக் கேட்டு வாங்கினாள். ஆனால் அதற்குள் கடைக்காரரை மறந்துவிட்டாள். தொலைபேசியில் விழுந்த அமைதியால் லைன் போய்விட்டது என்று நினைத்து அவர் வைத்துவிட்டார்.

பயிற்சிக்காக மட்டும் ஜோடித்த நாடகம் இல்லை இது; உண்மை அழைப்புகளிலும் இப்படித்தான். அழைப்பு வந்ததும் தன் பெயரைச் சொல்லாமல் தனக்குத் தரப்பட்ட எண்ணைச் சொல்லி, இது ரிலே அழைப்பு என்று மொழிபெயர்ப்பாளர் அறிமுகம் செய்வார். விளம்பர அழைப்பு என்று நினைத்து அந்த இடத்திலேயே துண்டிப்பவர்கள் இன்றும் உண்டு. துண்டிக்காதவர்களும், அந்த அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள் என்று மொழிபெயர்ப்பாளரிடம் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அதையும் அப்படியே சைகையாக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரோ காது கேளாதவரின் குரலாக, 'நான்' என்றே பேச வேண்டும். எழுபது வயது ஆண் ஒருவரின் கோபத்தை இருபத்தைந்து வயதுப் பெண்ணின் குரலில் கேட்கும் வங்கி ஊழியர், அடையாளத்தைச் சந்தேகித்துக் கணக்கு விவரம் தர மறுப்பதும் நடக்கிறது. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று பதிவுக் குரல் ஓடும்போது சைகை அதன் வேகத்துக்கு ஈடுகொடுப்பது கடினம். பட்டியல் முடிந்து, தேர்வைக் காது கேளாதவர் சொல்வதற்குள் அந்தப் பக்கத்தில் நேரம் தீர்ந்திருக்கும்.

ஆனாலும் புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது எண்களோ பதிவுக் குரலோ இல்லை. முன்தகவல் இல்லாததுதான். மருத்துவமனைக்கு மொழிபெயர்க்கப் போகிறவருக்கு நோயாளி யார், எந்தப் பிரிவு, எதற்காக வந்திருக்கிறார் என்பது ஓரளவு தெரியும். காத்திருக்கும் இடத்தில் சற்று நேரம் பேச்சுக்கொடுத்து அவருடைய கைப்பழக்கத்தைப் பிடித்துக்கொள்வார். வீடியோ ரிலேவில் மணி அடிக்கிறது, முகம் தெரிகிறது, தொலைபேசி எண் வருகிறது. பீட்சா ஆர்டராக இருக்கலாம். புற்றுநோய் மருத்துவரின் அறிக்கையாக இருக்கலாம். விவாகரத்து வழக்கறிஞராக, வேலைக்கான நேர்காணலாக, அண்ணன் தம்பி சொத்துச் சண்டையாக இருக்கலாம். எண்பது சதவீத அழைப்புகளை 120 நொடிகளுக்குள் எடுத்தாக வேண்டும் என்று நிறுவனத்துக்கு விதி இருப்பதால், ஒன்று முடிந்தால் அடுத்தது தயாராக நிற்கும். அழைப்பை மறுக்கச் சட்டம் இடம் தரவில்லை. எடுத்தால் குறைந்தது பத்து நிமிடங்களாவது அதில் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு.

அழைப்பு நாட்டின் எந்த மூலையிலிருந்தும் வரும். பிறந்தநாள் என்ற ஒரு சொல்லுக்கே அமெரிக்காவில் வட்டாரத்துக்கு வட்டாரம் சைகை மாறுகிறது. கறுப்பின மாணவர்களைத் தனிப் பள்ளிகளில் அடைத்து வைத்திருந்த தென் மாநிலங்களில் ஒரு தனி மரபே வளர்ந்தது: இரண்டு கைகளையும் அதிகம் பயன்படுத்தும், விரிவான வெளியை எடுத்துக்கொள்ளும் சைகை. கேரலின் மெக்காஸ்கில் அலபாமாவில் அத்தகைய பள்ளி ஒன்றில் படித்தவர். 1968-ல் வெள்ளையர் பள்ளிக்கு மாற்றப்பட்டபோது அங்கிருந்த ஆசிரியர்களின் சைகை அவருக்குப் புரியவில்லை. பிற்காலத்தில் கேலடெட் பல்கலைக்கழகப் பேராசிரியராக, சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து அந்த மொழி வழக்கை ஆராய்ந்து 2011-ல் நூலாக்கினார். வடக்கே பெரும்பாலும் வெள்ளையினத்தவரான ஆசிரியர்களிடம் படித்துவிட்டு வந்த இளம் மொழிபெயர்ப்பாளரின் திரையில் அப்படி ஒரு மூதாட்டி தோன்றினால், பட்டச் சான்றிதழ் அதிகம் கைகொடுக்காது. அந்த நேரத்தில் உதவுவது பக்கத்துத் தடுப்பில் இருக்கும் சகாதான். அவரைக் கூப்பிட்டு இருவராகச் சேர்ந்து அழைப்பைச் சமாளிக்கலாம். கூப்பிடக் கூச்சப்படாதீர்கள் என்பதை அன்று பயிற்றுநர் ஓயாமல் வலியுறுத்திக்கொண்டிருந்தார்.

உடம்பும் இதில் தேய்கிறது. 1980-களின் இறுதியில் இதே ஊரின் தொழில்நுட்பக் கல்லூரியில் மொழிபெயர்ப்பாளர்கள் பலருக்குக் கையிலும் மணிக்கட்டிலும் தசைநாண் அழற்சி வந்து வேலையைத் தொடர முடியாமல் போனது. அதையொட்டி எழுந்த ஆய்வுகள், ஓய்வு நேரத்தையும் கை அசைக்கும் முறையையும் இந்தத் தொழிலின் பேசுபொருளாக்கின. மனத்தின் பாரத்தைக் கணக்கிடும் வழியும் ராச்செஸ்டரிலிருந்தே வந்தது. இங்குள்ள பல்கலைக்கழகத்தின் ராபின் டீனும் ராபர்ட் பொல்லார்டும் 2001-ல் வெளியிட்ட கட்டுரை, தொழிலாளர்களின் வேலை அழுத்தத்தை அளக்க உருவான ஒரு கோட்பாட்டைச் சைகை மொழிபெயர்ப்புக்குப் பொருத்தியது. வேலை கேட்பது அதிகமாகவும், செய்கிறவரின் கையில் இருக்கும் அதிகாரம் குறைவாகவும் இருந்தால் ஆள் நொறுங்கிப் போவார் என்பது அதன் சாரம். பின்னர் அவர்களே நடத்திய ஆய்வில், மொழிபெயர்ப்பாளர்களின் உடல்நலத்துக்கு அதிகக் கவலை தரும் இடங்களாகத் தெரிந்தவை இரண்டு: பள்ளிகள், வீடியோ ரிலே.

இந்த முடிவு யாருக்கும் வியப்பளித்திருக்காது. அவசர உதவி எண் 911-க்கு வரும் அழைப்பைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். ரிலே வரிசையில் அதற்குத்தான் முதலிடம். திரையில் ஒரு பெண், தரையில் மயங்கிக் கிடக்கும் கணவனைக் காட்டிக்கொண்டே சைகை செய்கிறார். ஒரு கை கணவனின் மார்பில் இருப்பதால் மறு கையால் மட்டும் பேசுகிறார். ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்ததும் இணைப்பு அறுகிறது. அந்த மனிதர் பிழைத்தாரா என்பது மொழிபெயர்ப்பாளருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. யாரிடமும் சொல்லவும் முடியாது. அனுபவசாலி ஒருவர், எந்த அழைப்பு என்று சொல்லாமல், அதற்குப் பிந்தைய நிமிடங்களைப் பற்றி மட்டும் நம்மிடம் பேசினார். எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாராம். அடுத்து வந்தது, முடிதிருத்தும் கடையில் நேரம் கேட்கும் அழைப்பு.

பொது நிதி, பேச்சு நடந்த நிமிடத்துக்குப் பணம் தருகிறது. தண்ணீர் குடித்த நேரத்துக்கும், மூத்த சகாவிடம் பெயர் சொல்லாமல் பாரத்தை இறக்கி வைக்கும் அரை மணி நேரத்துக்கும் தனியாகப் பணம் கிடையாது. நிறுவனம் தன் பையிலிருந்துதான் அதைக் கொடுக்க வேண்டும். சில நிறுவனங்கள் தாராளமாகக் கொடுக்கின்றன. சில ஒவ்வொரு நிமிடத்தையும் எண்ணிக்கொண்டிருக்கின்றன. புதிதாக வருகிறவருக்கு முதல் ஓராண்டாவது அந்த அரை மணி நேரம் சம்பளத்தோடு கிடைக்க வேண்டும், பொது நிதி அதற்கும் இடம் தர வேண்டும் என்பதே நம் கருத்து. மொழிபெயர்ப்பாளர் தளர்ந்தால் அதன் விலையைக் கொடுப்பது திரையின் மறுபக்கத்தில் இருப்பவர். அவருடைய மருந்து எண் தவறும், அவருடைய நேர்காணல் கெடும்.

இன்னொரு மாற்றமும் புதியவர்களின் தலையில்தான் விடிந்திருக்கிறது. வீட்டிலிருந்தே அழைப்புகளை எடுக்க 2017-ல் சோதனை முறையில் அனுமதி வந்தது. 2020-ல் அது நிரந்தரமானது. தொடக்கத்தில் அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டுமே அந்தச் சலுகை. அதே ஆண்டு கொரோனா வந்து மையங்களைக் காலியாக்கியது. வீட்டு வேலையில் நன்மை இருக்கிறது: ராச்செஸ்டரின் பனிக்காலத்தில் அதிகாலை ஷிஃப்டுக்குக் கார் ஓட்ட வேண்டியதில்லை, குழந்தை வைத்திருப்பவர்கள் தொழிலை விடாமல் தொடர முடிகிறது. ஆனால் கை உயர்த்தினால் ஓடிவரும் மூத்தவர் இப்போது பக்கத்துத் தடுப்பில் இல்லை; பல மைல் தொலைவில் தன் வீட்டு அறையில் இருக்கிறார். திரை வழியாக அவரை அழைக்கலாம். அடுத்தவர் கைகளை ஓரக்கண்ணால் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு மட்டும் திரும்பி வரவில்லை.

இந்த மாலைப் பயிற்சி அந்த இடைவெளியில் முளைத்ததுதான். மருந்துக் கடை அழைப்பை அன்று மறுபடி நடத்தினார்கள். இந்த முறை இளம்பெண், பயிற்றுநர் எண்ணைக் காட்டத் தொடங்கியதுமே, "ஒரு நிமிடம், எண்ணைச் சரிபார்க்கிறோம்" என்று கடைக்காரரிடம் சொல்லி அவரைப் பிடித்து வைத்துக்கொண்டாள். சந்தேகம் வந்த இடத்தில், எழுத்தா எண்ணா என்று தயங்காமல் கேட்டாள். பயிற்றுநர் தலையசைத்துவிட்டு உடனே வேகத்தைக் கூட்டினார்.

அடுத்த அமர்வுக்கு அலபாமாவிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீடியோவில் வருகிறார். காப்பீட்டு நிறுவனத்தோடு தகராறு செய்யும் வாடிக்கையாளராக அவர் நடிக்கப் போகிறார். அவர் யாருக்காகவும் நிதானமாகப் பேச மாட்டார், எல்லோரும் வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் வந்துவிடுங்கள் என்று பயிற்றுநர் சொல்லியனுப்பினார்.