அருகிருப்போர் கற்க வேண்டியது

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டி முடிகிறது: நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து அதைக் கொடுப்பவர். முதல் மூன்றைக் குறித்து நிறையப் பேசுகிறோம். நான்காமவரைப் பற்றிப் பேசுவோர் அரியர். பரிமேலழகரோ அவருக்கும் நான்கு இலக்கணம் வகுத்திருக்கிறார்: நோயாளியிடத்து அன்பு, மனமொழிமெய்த் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவு. புதிய மருந்துகளை மனிதரிடத்தே சோதித்தறியும் மருத்துவ ஆய்வுகளில் பணிபுரியும் செவிலியர், ஒருங்கிணைப்பாளர், களப்பணியாளர் ஆகியோருக்கு இன்று அளிக்கப்படும் பயிற்சியைக் கேள்வியுறும்போது, இந்நான்கில் மூன்றாவதற்கே இடம் மிகுந்திருப்பதாக எங்களுக்குத் தோன்றுகிறது.

இலக்கியம் வாசிக்கக் கூடுகிற எங்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். காரைக்கால் மாவட்டம் நெடுங்காடு கொம்யூனைச் சேர்ந்தது எங்கள் குரும்பகரம். எங்களூர்ப் பெண் ஒருவர் செவிலியம் படித்து, வெளியூர் மருத்துவமனை ஒன்றில் ஆய்வு ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்தார். சர்க்கரை நோய்க்கான மருந்துச் சோதனையில் சேருவோருக்குப் படிக்கக் கொடுக்கும் தமிழ்ப் படிவத்தை விடுமுறைக்கு வந்தபோது எங்களிடம் காட்டி, “நீங்கள் தமிழ் படித்தவங்க மாமா, இது எங்க ஊர் ஆளுக்குப் புரியுமான்னு பார்த்துச் சொல்லுங்க” என்று எங்களுள் மூத்தவரிடம் கேட்டார்.

பதினாறு பக்கங்கள். சங்கப் பாடலுக்கு உரை தேடிப் பழகிய நாங்கள் நால்வர் சேர்ந்து வாசித்தும் மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டோம். பங்கேற்பவருள் ஒரு சாராருக்குப் ‘போலி மருந்து’ தரப்படும் என்றிருந்தது. போலி மருந்து என்றால் எங்களூரில் கள்ள மருந்து; கொடுத்தவனைக் காவல் நிலையத்துக்கு இழுப்பார்கள். மாத்திரை போலவே இருக்கும், மருந்து இராது என்று சொல்லியிருக்கலாம். யாருக்கு எது தரப்படுகிறது என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாது என்பதை ‘இரட்டைக் குருட்டு ஆய்வு’ என்று பெயர்த்திருந்தார்கள். சர்க்கரையால் கண் மங்கிவரும் ஒருவர் அதைப் படித்தால் என்ன நினைப்பார்?

யாருக்கு எந்த மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல முடிவு செய்வார்கள் என்று விளக்கலாமே என்றார் எங்களுள் ஒருவர். அந்தப் பெண் உடனே மறுத்தார். சீட்டு என்றால் விழுந்தவருக்கு யோகம், விழாதவருக்கு ஏமாற்றம். புது மருந்து கிடைப்பதே யோகம் என்று நோயாளி எண்ணிவிடுவார். எது மேல் என்று இன்னும் எவருக்கும் தெரியாது. தெரியாததனால்தான் ஆய்வே நடக்கிறது. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் சீட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். படிவத்தை எழுதியவரைவிடவும் எங்களைவிடவும் அவருக்கு இது விளங்கியிருந்தது. ஆனால் அவர் பெற்ற பயிற்சியில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையாம். ஒரு நாளின் பாதி, ஆங்கிலப் படக்காட்சி, முடிவில் கேள்வித்தாள், பிறகு சான்றிதழ். கடுமையான பின்விளைவை எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டார்கள். 24 என்று எழுதி மதிப்பெண் பெற்றார். வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டென்பதை, மருத்துவரைக் கும்பிட்டே பழகிய ஒருவருக்கு எப்படி உணர்த்துவது என்று அங்கே எவரும் கேட்கவில்லை.

பயிற்சி இப்படித்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. இதே தமிழ்நாட்டில் 1956இல் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு ஆகியவை சேர்ந்த முயற்சி அது. டாக்டர் வாலஸ் பாக்ஸ் வழிநடத்தினார். சானடோரியத்தில் படுக்கவைத்துத்தான் காசநோயைக் குணப்படுத்த முடியுமா, வீட்டிலிருந்தே முடியாதா என்பது கேள்வி. 193 நோயாளிகள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். வீட்டிலிருந்தோர் நிலை சானடோரியத்தில் இருந்தோரைவிடத் தாழ்ந்துவிடவில்லை என்று 1959இல் வெளியான முடிவு, உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது.

அந்த ஆய்வைத் தாங்கியவர்கள் வீடு வீடாகச் சென்ற பயிற்சி பெற்ற பணியாளர்கள். முன்னறிவிப்பின்றிச் சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணுவார்கள். மருந்து உட்கொண்டாரா என்றறியச் சிறுநீர் சேகரிப்பார்கள். நெருக்கடியான ஓர் ஏழை வீட்டுக்குள் நுழைந்து, திருடனைப் பிடிக்க வந்தவர் போலன்றி உறவினர் போல இதைச் செய்வதற்கு விதிகளை அறிந்தால் மட்டும் போதாது. பரிமேலழகர் அன்பை முதலில் வைத்ததன் பொருள் எங்களுக்கு இங்கேதான் விளங்குகிறது. அம்மையம் 2011 முதல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது.

அருகிருப்பவர் கடமை தவறினால் நேர்வதையும் நாம் கண்டிருக்கிறோம். கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி தொடர்பான ஆய்வு 2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் தொடங்கி, 2010இல் நிறுத்தப்பட்டது. ஆந்திரத்தில் விடுதி மாணவியர் பலருக்காகப் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்களே ஒப்பமிட்டிருந்தனர். 2013இல் நாடாளுமன்றக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி பயனுள்ளது என்பது வேறு செய்தி. நல்ல மருந்தாயினும் கேளாமல் கொடுத்தால் அவநம்பிக்கையே விளையும்.

விதிகள் இன்று குறைவாக இல்லை. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள், படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் பெறும்போது சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும் என்கின்றன. சில ஆய்வுகளில் ஒப்புதல் பெறுவதையே ஒளிப்பதிவு செய்யச் சொல்கின்றன. ஆனால் படக்கருவி தலையசைப்பைத்தான் பதியும். புரிந்ததா என்பதைப் பதியாது. 2024இல் திருத்தப்பட்ட ஹெல்சின்கி பிரகடனம், ஆய்வுக்கு ‘உட்படுபவர்’ என்ற சொல்லை விடுத்துப் ‘பங்கேற்பவர்’ என்று எழுதுகிறது. உலக மருத்துவ மன்றமே ஒரு சொல்லுக்காக இவ்வளவு கருதும்போது, தமிழில் நாம் கருத வேண்டாமா?

ஆய்வுப் பணியாளர் சான்றிதழை இரண்டு மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்குமாறு பல நிறுவனங்கள் கோருகின்றன. அப்புதுப்பித்தலில் ஒரு மணி நேரமேனும் தமிழுக்கு ஒதுக்கலாம். பணியாளர் ஆய்வை விளக்கட்டும். கேட்டவர் தம் சொற்களில் அதைத் திருப்பிச் சொல்லட்டும். எங்கே தடுமாறுகிறாரோ அங்கே பணியாளர் மீண்டும் தொடங்கட்டும். கேட்பதற்கு எழுத்தறியாத பெரியவர் ஒருவரை அழைத்து, அவர் நேரத்துக்கு உரிய கூலியும் கொடுக்கலாம். ஜிப்மரின் காரைக்கால் கிளையில் 2016 முதல் மருத்துவக் கல்வி நடைபெறுகிறது. ஆய்வுகளும் படிவங்களும் எங்கள் பகுதிக்கு வரும் நாள் தொலைவில் இல்லை. வரட்டும், ஆய்வின்றி மருந்தேது?

அந்தப் பெண் எங்கள் திருத்தங்களைக் குறித்துக்கொண்டு போனார். நெறிமுறைக் குழுவின் அனுமதியின்றிப் படிவத்தில் ஒரு சொல்லையும் மாற்ற இயலாது; அனுமதி கேட்டு எழுதியிருக்கிறார். ஆனால் வாயால் விளக்கும்போது கள்ள மருந்து என்று எவரும் அஞ்சாதபடி இப்போதே சொல்ல முடிகிறதாம். ஒருவர் முழுவதையும் கேட்டுவிட்டு, “எனக்கு வேண்டாம்மா” என்று எழுந்து போனாராம். அன்று தம் வேலையைச் சரியாகச் செய்ததாக உணர்ந்தேன் என்றார்.