கியர்பாக்ஸ் தாங்குமா?

கேமரன் மலைத் தோட்டங்களில் அப்பா கொழுந்து மூட்டை ஏற்றியது 1960களின் லேண்ட்ரோவரில். துருப்பிடிக்காத அலுமினிய பாடி, ஆனால் 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் தேய்ந்துவிட்டது.

"பலமான எஞ்சினா போடுங்கப்பா" என்று அடம்பிடித்தது நான்தான். பெரிய ஜப்பான் டீசல் எஞ்சின் ஏறியது. கியர்பாக்ஸ் மட்டும் பழையது.

மூன்றாம் மாதம், முழுப் பாரத்தோடு ஏற்றத்தில் 'படார்' என்று கியர் பல் உடைந்தது. பின்னால் உருண்ட வண்டியைக் கைபிரேக் பிடித்து அப்பா நிறுத்தினார். உள்ளே நானும் தம்பியும்.

"எஞ்சின் முறுக்குற முறுக்கை கியர் பல்லுதான் தாங்கணும். ரெண்டுக்கும் ஜோடிப் பொருத்தம் வேணாமா?" என்றார் பட்டறைக்காரர்.

பொருத்தமான கியர்பாக்ஸ் வாங்க அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. அப்பா என்னைத் திட்டவே இல்லை.

இன்று கோலாலம்பூரில் நண்பர்கள் எஞ்சின் மாற்றப் போவதாகச் சொன்னால், நான் முதலில் கேட்பது: "கியர்பாக்ஸ் தாங்குமா?"