இழுத்து மூச்சு விடுங்க!

ஒருவருக்குப் படபடப்பு வந்துவிட்டால் சுற்றி நிற்பவர்கள் முதலில் சொல்வது, “நல்லா இழுத்து மூச்சு விடுங்க” என்பதுதான். என்னிடமும் பலர் சொல்லியிருக்கிறார்கள். நானும் இழுப்பேன். இழுக்க இழுக்க நெஞ்சு அடைக்கும், விரல் நுனி மரத்துப்போகும், தலை கிறுகிறுக்கும். இத்தோடு கதை முடிந்தது என்று தோன்றும். ஈசிஜி எடுத்தால் கோளாறு எதுவும் இராது. “வெறும் கேஸ் ட்ரபிள்தான்” என்று அனுப்பிவிடுவார்கள்.

அந்த நேரத்தில் காற்று போதாமல் போவதில்லை. தேவைக்கு மேல் மூச்சு விடுகிறோம். அதனால் இரத்தத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு அளவு மீறி வெளியேறிவிடுகிறது. கழிவு என்று பள்ளியில் படித்த அந்த வாயுவுக்கு, இரத்தத்தின் அமில காரச் சமநிலையைக் காக்கும் வேலையும் உண்டு. அது குறைந்தால் மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கும். கிறுகிறுப்பு அதனால்தான். அதைக் கண்டு பயம், பயத்தால் மேலும் வேகமான மூச்சு. உடம்பின் இத்தகைய மாற்றங்களை உயிராபத்து என்று மனம் தப்பாக எடுத்துக்கொள்வதே பீதித் தாக்குதலின் வேர் என்றார் உளவியலாளர் டேவிட் கிளார்க், 1986இல்.

1993இல் டொனால்ட் கிளைன் வேறொன்று சொன்னார். மூச்சுத் திணறலை எச்சரிக்கும் ஏற்பாடு ஒன்று மூளையில் இருக்கிறது. சிலருக்கு அது, ஊதுவத்திப் புகைக்கே அலறும் தீ அலாரம்போல, காரணமில்லாமல் அடித்துவிடுகிறது என்பது அவர் கருத்து. 2013இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இன்னும் வியப்பானது. அச்சத்துக்கு முக்கியமான மூளைப் பகுதியான அமிக்டலா இரு பக்கமும் பழுதாகி, பாம்பைக்கூடக் கூசாமல் கையில் எடுத்த பெண் ஒருவர், 35 சதவீத கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரு முறை சுவாசித்ததும் பீதியில் துடித்துப்போனார். பீதித் தாக்குதலுக்கு ஆளாகிறவர்களைப் பயந்தாங்கொள்ளி என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எனக்கு உதவிய சிகிச்சை விசித்திரமானது. மருத்துவ உளவியலாளர் எதிரே உட்காரவைத்து, வேண்டுமென்றே வேகமாக மூச்சுவிடச் சொன்னார். அதே மரப்பு, அதே கிறுகிறுப்பு. ஆனால் நானே வரவழைத்தது. சற்று நேரத்தில் தானாக அடங்கியது. மூச்சைவிட, அடுத்த தாக்குதல் எப்போது வருமோ என்ற எதிர்பார்ப்புதான் என்னைப் பேருந்திலும் லிஃப்டிலும் ஏறவிடாமல் வைத்திருந்தது. அது அன்றிலிருந்து தளரத் தொடங்கியது.

ஆகவே, பக்கத்தில் ஒருவர் தவித்தால் இழுக்கச் சொல்லாதீர்கள். மெதுவாக, நீளமாக வெளியே விடச் சொல்லுங்கள். காகிதப் பையை முகத்தில் வைக்காதீர்கள்; மாரடைப்போ ஆஸ்துமாவோ என்றால் அது ஆபத்து. முதல் முறை நெஞ்சு அடைத்தால் இதயத்தைத்தான் முதலில் பரிசோதிக்க வேண்டும். இதயம் நன்றாக இருந்தும் தொல்லை திரும்பத் திரும்ப வந்தால், ‘கேஸ்’ என்று விட்டுவிடாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.