பேட்டரி எதுக்கு டீச்சர்?



1993இல் மாமல்லபுரத்தை ஒட்டிய ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தேன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகத் தினமும் பஸ். ஒருநாள் தண்ணீரில் சில சொட்டு அமிலம் விட்டு, பேட்டரி இணைத்து, மின்னாற்பகுப்பு செய்து காட்டினேன். ஒரு பங்கு ஆக்சிஜன், இரண்டு பங்கு ஹைட்ரஜன்.

கடலுக்குப் போகும் குடும்பத்துப் பையன் ஒருவன் எழுந்தான். "பேட்டரி எதுக்கு டீச்சர்? இவ்ளோ வெயில் அடிக்குதே, அதுல பிரியாதா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "வெயில்ல தண்ணி ஆவியாகும், பிரியாது. உட்காருடா" என்றேன். பிறகு அவன் கேள்வி கேட்டதாக நினைவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கும் போகவில்லை.

போன மாதம் பேத்திக்காக மதுரைத் திட்டம் இணையதளத்தில் ஒரு பழைய நூலைத் தேடினேன். 1998 பொங்கலன்று அதைத் தொடங்கிய முனைவர் கு. கல்யாணசுந்தரம் தமிழ்ப் பேராசிரியர் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். "அவர் சுவிட்சர்லாந்தில் வேதியியல் விஞ்ஞானி அம்மா" என்றாள் மகள். லோசான் நகரில் மைக்கேல் கிராட்செல் குழுவில் பல ஆண்டுகள் ஆய்வு செய்தவர். என்ன ஆய்வு என்று படித்தபோது நெஞ்சில் சுருக்கென்றது. சூரிய ஒளியால் தண்ணீரைப் பிரிப்பது!

1972இலேயே ஜப்பானில் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மீது ஒளி விழச் செய்து தண்ணீரைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். நாம் சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்டில் இருக்கும் அதே பொருள்தான். ஆனால் அது புற ஊதாக் கதிரை மட்டுமே உறிஞ்சும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் அதற்குப் பயன்படாது. அந்த வெளிச்சத்தைப் பிடிக்க ருத்தேனியம் என்ற உலோகத்தின் ஆரஞ்சு நிறச் சேர்மங்கள் உதவுகின்றன. கல்யாணசுந்தரம் அவற்றை ஆராய்ந்து புத்தகமே எழுதியிருக்கிறார். 1991இல் கிராட்செல் குழு வெளியிட்ட சாயச் சூரிய மின்கலமும் இந்த வழியில் வந்ததுதான். ஹைட்ரஜனை எரித்தால் மிஞ்சுவது தண்ணீர், புகை கிடையாது. அதனால் மலிவான, நீடித்து உழைக்கும் வினையூக்கியை இன்றும் உலகமெங்கும் தேடுகிறார்கள்.

நான் அவனை உட்காரச் சொல்வதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே அவன் கேள்விக்கு விடை இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாதது தப்பில்லை. சிரித்தது தப்பு.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். தெரியாத கேள்வி வந்தால், "பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். அவனோடு படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால் அவனுக்கு அனுப்புங்கள். பிரியும்டா கண்ணா, வெயில்லயே பிரியும்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்