மூஸாக்காரன்

இத்தலாரில் இருந்து ஊட்டிக்குக் காலேஜ் போகிற பஸ்ஸில் கடைசி சீட் எப்பவும் ஒரு தனி உலகம். யாராவது ஒருத்தர் செல்போனில் பாட்டு போடுவார், மற்றவங்க கேட்டுத்தான் ஆகணும். இளையராஜா வரும், படுகப் பாட்டு வரும், அனிருத் வரும். கொஞ்ச வருஷமா நடுவில் ஒரு பஞ்சாபிக் குரலும் வருது. உச்சத்தில், சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி ஒரு குரல். ஒரு வார்த்தை யாருக்கும் புரியாது. ஆனா தலை மட்டும் ஆடும்.

யாருடா இதுன்னு கேட்டால், "சித்து மூஸேவாலா... சுட்டுக் கொன்னுட்டாங்களே, அவரு" என்று பதில் வரும். ஒரு மனுஷனின் 28 வருஷம் இந்த ஒரு வரியில் முடிஞ்சு போகுது. இது நியாயமில்லை. அதனால் கொஞ்சம் விலாவாரியாகவே பார்ப்போம்.

முதலில் பேர். வீட்டில் வைத்த பேர் சுப்தீப் சிங் சித்து. 1993 ஜூன் 11-ல் பிறந்தார். ஊர், பஞ்சாபின் மான்சா மாவட்டத்தில் மூஸா என்கிற கிராமம். மூஸேவாலா என்றால் மூஸாக்காரன், அவ்வளவுதான் அர்த்தம்! நம்ம பக்கம் இத்தலார்க்காரன், எமரால்டுக்காரன் என்று சொல்வோமே, அதே மாதிரி. நம்ம ஊர் வித்வான்களும் இதைத்தானே செய்தார்கள். செம்மங்குடி என்றால் போதும், சீனிவாச ஐயர் என்று நீட்ட வேண்டியதில்லை. காருகுறிச்சி என்றால் நாதஸ்வரம் காதில் கேட்டுவிடும்.

ராப் பாட்டில் இந்த ஊர்ப் பாசம் இன்னும் தூக்கல். 1970களில் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஆரம்பித்த காலத்திலிருந்தே, நீ எந்த ஏரியா என்பதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். தமிழில் 2006-ல் மலேசியாவின் யோகி பி - நட்சத்ரா குழு 'வல்லவன்' ஆல்பத்தோடு வந்து நம்ம காதுகளைப் பழக்கினார்கள். அறிவு 2021-ல் 'எஞ்சாய் எஞ்சாமி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியையே கொண்டுவந்து நடுவில் உட்கார வைத்தார். நீலகிரியில் கேட்டவர்களுக்கு அந்தத் தோட்டம் எதுவென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சித்து மூஸாவுக்குச் செய்ததும் இதே வேலைதான்.

அப்பா பல்கௌர் சிங் முன்னாள் ராணுவ வீரர். அம்மா சரண் கௌர் 2018-ல் மூஸாவின் பஞ்சாயத்துத் தலைவியாகத் தேர்வானார். பையன் லூதியானாவில் குரு நானக் தேவ் இன்ஜினியரிங் காலேஜில் எலக்ட்ரிகல் படித்து 2016-ல் முடித்தார். அப்புறம்? இன்ஜினியரிங் முடிச்சவங்க இன்ஜினியர் வேலை தவிர மற்ற எல்லாம் பார்ப்பாங்க என்பது தமிழ்நாட்டுக்கு மட்டும் சொந்தமான ஜோக் இல்லை போல.

பஞ்சாப் கிராமங்களில் படித்த பசங்களுக்கு அடுத்த ஸ்டாப் கனடா. நிலத்தை அடமானம் வைத்தாவது அனுப்பி வைக்கிற வீடுகள் நிறைய. நம்ம மலையில் பச்சைத் தேயிலைக்கு விலை கட்டுபடியாகாமல் போனபோது கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் கிளம்பினார்களே, அதையே ஏழு கடல் தாண்டி நினைத்துக்கொள்ளுங்கள். சித்துவும் போனார், டொரண்டோ பக்கத்தில் பிராம்ப்டனுக்கு.

ஆரம்பத்தில் அவர் பாடகரே இல்லை. பாட்டு எழுதிக் கொடுக்கிற ஆள். நிஞ்ஜா என்ற பாடகருக்கு எழுதிய 'லைசென்ஸ்' தான் அவர் பேரை முதலில் வெளியே கொண்டுவந்தது. 2017-ல் பிக் பேர்ட் இசையில் அவரே பாடின 'சோ ஹை' வந்தது. அப்புறம் நடந்ததெல்லாம் ராக்கெட் வேகம். 2018-ல் 'பிபிஎக்ஸ் 1' என்ற ஆல்பம் கனடாவின் பில்போர்டு பட்டியலில் ஏறியது. 2019-ல் '47' பாட்டில் இங்கிலாந்து ராப்பர்களோடு சேர்ந்தார். 2021-ல் முப்பதுக்கும் மேற்பட்ட டிராக்குகளோடு 'மூஸ்டேப்'. மொத்தம் ஐந்து வருஷம்கூட இல்லை. ஒரு பி.காம் முடித்து எம்.காமும் முடிக்கிற நேரம்.

இங்கேதான் அவர் மற்றவங்களிடமிருந்து வித்தியாசப்படுகிறார். பேரும் காசும் வந்த பிறகு கனடாவிலோ மும்பையிலோ உட்காராமல் மூஸாவுக்கே வந்துட்டார். வெளிநாட்டுக்கு ஓடுவதே கௌரவம் என்று இருந்த ஊரில், கிராமத்தில் இருப்பதை ஸ்டைலாக்கினார். வீடியோக்களில் வெளிநாட்டுக் காரும் வரும், வயலும் வரும், டிராக்டரும் வரும். அந்த டிராக்டர் எச்எம்டி 5911. எச்எம்டி என்றால் நமக்குத் தாத்தா கையில் இருந்த வாட்ச்தான் ஞாபகம் வரும். அதே அரசாங்கக் கம்பெனி ஹரியானாவின் பிஞ்சோரில் டிராக்டரும் செய்தது. நம்ம ஊட்டி இந்து நகரில் ஃபிலிம் ஃபேக்டரிக்கு ஆன கதைதான் அதற்கும் ஆச்சு. 2016-ல் டிராக்டர் பிரிவை மூட முடிவு செய்தார்கள். சித்து 2020-ல் சொந்தமாக ஆரம்பித்த ரெக்கார்டு கம்பெனிக்கு வைத்த பேர் '5911 ரெக்கார்ட்ஸ்'. அடுத்தவன் கம்பெனிக்குப் பாடிக் கொடுத்துக் கூலி வாங்குவதை விட, உரிமையைக் கையில் வைத்துக்கொள்வது எவ்வளவு புத்திசாலித்தனம் என்பது காமர்ஸ் படிக்கிறவங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இந்த விஷயத்துக்குக் கடைசியில் திரும்ப வரணும்.

சரி, இப்போ கசப்பான பக்கம். துப்பாக்கி.

அவர் பாட்டுகளில் துப்பாக்கி நிறைய. 2020 ஊரடங்கு சமயத்தில் போலீஸ்காரர்கள் பக்கத்தில் நிற்க ஏகே-47 சுடுகிற வீடியோ வெளியாகி வழக்கானது. ஜாமீன் கிடைத்த கையோடு, ஆயுத வழக்கில் ஜெயிலுக்குப் போன சஞ்சய் தத்தோடு தன்னை ஒப்பிட்டு 'சஞ்சு' என்று ஒரு பாட்டு. அதுக்கும் ஒரு வழக்கு. ரசிகர்கள் சொல்கிற சமாதானம் ஒன்று உண்டு. சினிமாவில் ஹீரோ நூறு பேரைச் சுடலையா, அவங்க மேல கேஸ் போட்டீங்களா? கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அங்கே சுடுவது ரஜினி இல்லை, பாட்ஷா. பேக்கப் சொன்னதும் பாட்ஷா மறைஞ்சுடுவார், ரஜினி வீட்டுக்குப் போயிடுவார். ராப்பில் அந்த வசதி கிடையாது. பாடுகிறவன் 'இது நான்தான்' என்று சொல்லித்தான் பாடுகிறான், ரசிகனும் அதை நம்பித்தான் கேட்கிறான். அந்த நம்பிக்கையில்தான் பாட்டு விற்குது. அப்படி விற்றவர் சித்து. இதைச் சொல்லாமல் அவரைப் புகழ்வது பாதிக் கணக்கு மட்டும் காட்டுவது மாதிரி.

அதே சமயம், துப்பாக்கியைப் பஞ்சாபுக்கு அறிமுகப்படுத்தியது அவர் இல்லை. 1988 மார்ச் 8-ல் மெஹ்சம்பூரில் கச்சேரிக்குப் போய் இறங்கிய அமர் சிங் சம்கீலாவையும் மனைவி அமர்ஜோத்தையும் அந்த இடத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். சம்கீலாவுக்கு வயசு 27. (இம்தியாஸ் அலி படம், ஏ.ஆர். ரஹ்மான் இசை, 2024. பார்க்காதவர்கள் பாருங்கள்.) 2018-ல் மொகாலியில் பாடகர் பர்மிஷ் வர்மாவைச் சுட்டார்கள், அவர் பிழைத்தார். பாடகர்களை மிரட்டிப் பணம் பறிக்கிற கும்பல்கள் அங்கே நிஜமாகவே இருக்கு. தெருவில் இருந்தது பாட்டுக்குள் வந்ததா, பாட்டிலிருந்து தெருவுக்குப் போனதா என்று கேட்டால், இரண்டும்தான்.

துப்பாக்கியை விட்டால் சித்துவிடம் வேற சரக்கும் இருந்தது. விவசாயிகள் டெல்லி எல்லையில் உட்கார்ந்திருந்த 2020 டிசம்பரில் பஞ்சாபைத் தாய்மண் என்று கொண்டாடும் பாட்டு போட்டார், போராட்டத்திலும் கலந்துகொண்டார். 2021-ல் வந்த '295' தான் எல்லாவற்றிலும் உச்சம். மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண் அது. வாயைத் திறந்தால் வழக்கு என்கிற நிலைமை மேல் இருந்த ஆத்திரத்தை, கத்தாமல், அலட்டாமல், சோர்ந்துபோன குரலில் பாடியிருப்பார். 2024 ஜூலையில் அந்தச் சட்டமே மாறிப் புது எண்கள் வந்துவிட்டன. பாட்டு மட்டும் பழைய எண்ணிலேயே ஓடுது.

அரசியல் கதை சின்னது. 2021 டிசம்பரில் காங்கிரஸில் சேர்ந்தார், 2022 தேர்தலில் மான்சாவில் நின்றார், ஆம் ஆத்மி வேட்பாளரிடம் 63,323 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். யூடியூபில் பார்க்கிறவன் எல்லாம் அந்தத் தொகுதியில் ஓட்டு வைத்திருக்கணுமே!

2022 மே 15-ல் ஒரு பாட்டு வந்தது. பேர் 'தி லாஸ்ட் ரைட்', கடைசிப் பயணம். அமெரிக்க ராப்பர் டூபாக் ஷக்கூர் மேல் அவருக்குப் பெரிய பக்தி. 1996 செப்டம்பரில் லாஸ் வேகாஸில் காரில் போய்க்கொண்டிருந்த டூபாக் சுடப்பட்டு ஆறு நாள் கழித்து இறந்தபோது வயசு 25. அந்தக் காரின் படத்தையே சித்து தன் பாட்டின் அட்டையில் வைத்திருந்தார்.

இரண்டே வாரம். மே 28-ல் பஞ்சாப் அரசு 424 பேரின் போலீஸ் பாதுகாப்பைக் குறைத்தது. சித்துவுக்கு இருந்த நாலு பேர் இரண்டானார்கள். மறுநாள் சாயங்காலம் அந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொள்ளாமல், குண்டு துளைக்காத காரையும் வீட்டிலேயே விட்டுவிட்டு, இரண்டு நண்பர்களோடு தார் ஜீப்பைத் தானே ஓட்டிக்கொண்டு கிளம்பினார். ஊருக்குப் பக்கத்தில் ஜவஹர்கே கிராமத்தில் வழிமறித்துச் சுட்டார்கள். நண்பர்கள் காயத்தோடு பிழைத்தார்கள். அவர் பிழைக்கவில்லை. கனடாவில் இருந்தபடி ஒருத்தர், இதை நாங்கள்தான் செய்தோம் என்று பொறுப்பேற்றார். அந்தக் கும்பல் பேர்களை இங்கே எழுதப் போவதில்லை. அவங்களுக்கு ஏற்கெனவே தேவைக்கு மேல் விளம்பரம் கிடைச்சாச்சு.

தேதி மே 29. எண்ணில் எழுதினால் 29-5. '295' பாட்டோடு இதைச் சேர்த்துப் பார்த்து ரசிகர்கள் அழுதார்கள். தற்செயல்தான். ஆனாலும் ஒரு நிமிஷம் திக்குன்னு இருக்கும்.

மே 31-ல் இறுதி ஊர்வலம். அம்மா தலை வாரிவிட்டார், அப்பா கடைசியாக ஒருமுறை தலைப்பாகை கட்டிவிட்டார். கல்யாண மாப்பிள்ளை மாதிரி அலங்காரம். உடலை ஏற்றிக்கொண்டு போனது வெளிநாட்டுக் கார் இல்லை, அதே 5911 டிராக்டர். எரித்தது சுடுகாட்டில் இல்லை, சொந்த வயலில். கொளுத்துகிற வெயிலில் கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்து பல்கௌர் சிங் தன் தலைப்பாகையைக் கழற்றி ஏந்தி நின்றார். சீக்கியர் ஒருவர் சபை நடுவே தலைப்பாகையைக் கழற்றுவது என்றால் என்ன என்பது, அந்தக் காட்சியைப் பார்த்த யாருக்கும் மொழி தெரியாமலே புரிந்திருக்கும்.

உலகம் அதற்கப்புறம்தான் திரும்பிப் பார்த்தது. '295' பில்போர்டின் உலகப் பட்டியலில் 154-வது இடத்தில் நுழைந்தது. டிரேக் டொரண்டோ மேடையில் சித்து படம் போட்ட டிசர்ட்டோடு நின்றார். ஜூன் 23-ல் வந்த 'எஸ்ஒய்எல்' சட்லஜ் - யமுனா இணைப்புக் கால்வாய் பற்றியது, பஞ்சாபுக்கும் ஹரியானாவுக்கும் நடுவே அது நம்ம காவிரி மாதிரி. மூன்று நாளில் கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள், அப்புறம் அரசு சொல்லி இந்தியாவில் யூடியூபிலிருந்து தூக்கினார்கள். செத்துப்போனவரின் பாட்டுக்குத் தடை!

2022 நவம்பரில் 'வார்', 2023 ஏப்ரலில் நைஜீரியாவின் பர்னா பாயோடு 'மேரா நா', 2025-ல் அவருடைய பிறந்த நாளுக்கு 'மூஸ் பிரிண்ட்' என்று மூன்று பாட்டு. பாடி வைத்துவிட்டுப் போனதை அப்பாவும் அம்மாவும் ஒவ்வொன்றாக வெளியிடுகிறார்கள். உரிமை வீட்டில் இருந்ததால் முடியுது. நம்ம காப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் இறந்த அடுத்த வருஷத்திலிருந்து 60 வருஷம் எழுத்து அவர் குடும்பத்துக்குச் சொந்தம். அதாவது 2082 வரை. வாழ்ந்தது 28 வருஷம், வரிகள் சம்பாதிக்கப் போவது 60 வருஷம். எந்தப் பேலன்ஸ் ஷீட்டிலும் இது டேலி ஆகாது. அந்த அப்பாவிடம் கேட்டால் எல்லாப் பாட்டையும் கொடுத்துவிட்டு ஒரு சாயங்காலத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்.

பஸ்ஸில் கேட்கிறவங்களுக்கு எது உயிரோடு இருந்தபோது வந்தது, எது அப்புறம் வந்தது என்று தெரியாது. குரல் ஒரே மாதிரிதான் இருக்கு, அதே திமிரு.

2024 மார்ச்சில் மூஸா வீட்டில் செயற்கைக் கருத்தரிப்பு மூலமாக ஒரு ஆண் குழந்தை பிறந்தது. அதற்கும் சுப்தீப் என்றே பேர் வைத்தார்கள். மூஸேவாலா என்று தனியாக வைக்க வேண்டியதில்லை. அங்கே பிறந்தாலே அந்தப் பேர் வந்துடும்.