மறு எடை

காரங்காட்டில் நண்டு எடை போடுவது என் தொழில். நாட்டுப்படகுகள் கரைக்கு வந்ததும், வலையிலிருந்து கழற்றிய நீலக்கால் நண்டை எடை போட்டு, நோட்டில் எழுதி, ஐஸ் பெட்டியில் அடுக்கி கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். தராசில் ஒரு குறையும் கிடையாது. குறை என்னிடம்.

ஐம்பது கிராம் குறைத்து எழுதிவிட்டேனோ என்று ஒரு நினைப்பு வரும். உடனே நான் அந்த வீட்டுப் பிள்ளைகளின் சோற்றைத் திருடியவன். மறுபடி எடை போடுவேன். தட்டில் தண்ணீர் இருந்ததோ என்று தோன்றும், துடைத்துவிட்டு இன்னொரு தடவை போடுவேன். ஐஸ் உருகிக்கொண்டிருக்கும். காத்து நின்றவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு வேறு ஆளிடம் போய்விட்டார்கள்.

பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம். சொல்லி முடித்து நற்கருணை வாங்க வரிசையில் நிற்கும்போதே, ஏதோ விட்டுப்போனதுபோல் இருக்கும். வரிசையை விட்டு விலகி மறுபடி போய் முழங்காலிடுவேன். ஊரில் என்னைப் பக்திமான் என்றார்கள். அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது.

இது எண்ணச் சுழற்சி நோய். ஓசிடி என்பார்கள். கை கழுவிக்கொண்டே இருப்பதுதான் ஓசிடி என்று நினைப்பவர்களே அதிகம். பாவ பயமும் அதில் ஒரு வகை, பெரிய ஆட்களையே ஆட்டிவைத்திருக்கிறது. 1693-இல் ஓரியூரில் தலை வெட்டுண்டு மறைசாட்சியான அருளானந்தர் சேசு சபைக்காரர். அந்தச் சபையை உண்டாக்கிய இஞ்ஞாசியார், 1522-இல் மொன்செராட் மடத்தில் மூன்று நாள் எழுதிச் சொன்ன பாவங்களையே, பிறகு மன்ரேசாவில் இருந்துகொண்டு மறுபடி மறுபடி சொல்லத் தவித்தார். மிகத் தெளிவாகத் தெரிந்தாலொழிய பழையதைச் சொல்லாதே என்றார் குரு. அவருக்கோ எல்லாமே தெளிவாகத் தெரிந்தது! குழியில் விழுந்து சாகலாமா என்றுகூட நினைத்திருக்கிறார். கடைசியில், பழையதை இனிச் சொல்வதில்லை என்று முடிவெடுத்து நிறுத்தினார். இதையெல்லாம் தன் வரலாற்றில் அவரே சொல்லியிருக்கிறார். ஓரியூர்த் திருவிழாவுக்குத் தவறாமல் போகிற எனக்கு இது வெகுகாலம் தெரியாது.

இதுவரை எழுதியதில் என் குற்றம் ஒன்றும் இல்லை. நோய் யாருக்கும் வரலாம். நான் ஒப்புக்கொள்ள வேண்டியது வேறு.

ராத்திரியில் மனைவியை எழுப்பி, "நான் யாரையும் ஏமாத்தலையே?" என்று கேட்பேன். "இல்லங்க, படுங்க" என்பாள். கொஞ்ச நேரம் நெஞ்சு அடங்கும். பிறகு மறுபடி எழுப்புவேன். மனசாரச் சொல்லவில்லை, தூக்கக் கலக்கத்தில் சொல்கிறாய் என்று சண்டை பிடிப்பேன். கணக்கு நோட்டை விளக்கு வெளிச்சத்தில் அவளையே படிக்கச் சொல்வேன். பகலில் பத்து, இருபது என்று காசைக் கையில் கொடுத்து வீடு வீடாக அனுப்பினேன். நான் போகவில்லை, வெட்கம். ஊர் அவளைப் பார்த்துச் சிரித்தது. ஒரு ராத்திரி, தூங்கிக்கொண்டிருந்த மகளின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். மாட்டேன் என்றாள். கையைப் பிடித்து இழுத்து வைத்தேன். பிள்ளை விழித்துக்கொண்டது.

அதையும் நோயின் கணக்கில் எழுதிவிடலாம். எழுத மாட்டேன். பயம் நோயுடையது. இழுத்த கை என்னுடையது.

வைத்தியத்தைத் தள்ளிப் போட்டதும் நான்தான். எங்கள் மாவட்டத்தில் மனநோய் என்றாலே ஏர்வாடி ஞாபகம் வரும். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியும் முன் அங்கே ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கிடந்தவர்கள் உட்பட 28 பேர் செத்தார்கள். கேட்டவர்களிடமெல்லாம் அந்தப் பயத்தைச் சாக்குச் சொன்னேன். உள்ளே இருந்த கவலை வேறு: பக்திமான் பட்டம் போய் மென்டல் பட்டம் வந்துவிடுமே!

கடைசியில் போனேன். மாத்திரை நன்றாகக் கேட்க 8 முதல் 12 வாரம் ஆகலாம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். கூடவே ஒரு பயிற்சி. 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் எழுதி வெளியிட்டதிலிருந்து வளர்ந்த முறை அது. ஒரு தடவை எடை போடு, எழுது, கையை எடு. 'ஏமாற்றியிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்' என்ற அந்தச் சந்தேகத்தோடேயே அடுத்த கூடையைத் தூக்கு. முதலில் குமட்டிக்கொண்டு வந்தது. படபடப்பு ஏறும், தானாகவே இறங்கும். இறங்கும்வரை தராசைத் தொடாமல் இருப்பதுதான் பாடு.

உங்களை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார் ஆலோசனை சொன்ன அம்மா. அதையும் கெடுத்தேன். 'நான் நல்லவன்தான், நல்லவன்தான்' என்று ஜெபமாலை உருட்டுவதுபோல் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். இதுவும் மறு எடைதானே என்று அவர் பிடித்துவிட்டார். நல்லவனா கெட்டவனா என்று தீர்ப்பு வாங்கிய பிறகுதான் வாழ்வேன் என்றால் முடியாது. தீர்ப்பு வராமலே வேலைக்குப் போக வேண்டும், பூசை காண வேண்டும், மகளுக்குத் தலை வாரிவிட வேண்டும். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

மனைவியிடம் மன்னிப்பு ஒரே தடவை கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மன்னித்துவிட்டாயா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டால் பழைய கதைதான். இன்றுவரை கேட்கவில்லை. அவள் மன்னிக்காமலும் இருக்கலாம், அது அவள் உரிமை.

உங்கள் வீட்டில் ஒருவர் கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தால், பதில் சொல்லிச் சொல்லித் தேற்றாதீர்கள். பாசத்தில் செய்வீர்கள், நோய்க்கு அது தீனி. திட்டவும் வேண்டாம். எங்கே நிறுத்துவது, எப்படி நிறுத்துவது என்பதை டாக்டரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். அரசின் டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அவர் கூப்பிடத் தயங்கினால் நீங்கள் கூப்பிடுங்கள்.