வேலைக்கு முன் ஒரு மணி நேரம்

சென்ற தீபாவளியன்று அப்பாவுக்கு வேலை. ராஃபிள்ஸ் பிளேஸில் உள்ள ஓர் அலுவலகக் கட்டடத்தில் அவர் பாதுகாவல் அதிகாரி. காலை எட்டு மணிக்குத் தொடங்கும் வேலை இரவு எட்டு மணிக்குத்தான் முடியும். பொது விடுமுறை என்பதற்காகக் கட்டடத்தைக் காவலின்றி விட முடியுமா? எனக்கு அது புரியாமல் இல்லை. ஆனாலும், முதல் நாள் இரவு நான் அப்பாவிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை.

விடியற்காலையில் அம்மா எண்ணெய் தேய்த்துவிட்டார். குளித்து, புத்தாடை உடுத்தி, முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தபோது, "என்னோடு வருகிறாயா? வேலைக்கு முன் ஒரு மணி நேரம் இருக்கிறது," என்றார் அப்பா. அவர் சட்டையும் புதியது. சீருடை பையில் இருந்தது.

தேக்காவில் வீரமாகாளியம்மன் கோயிலுக்குச் செல்வோர் அந்நேரத்திலேயே நடந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் ரயிலேறி, நகர மண்டப நிலையத்தில் இறங்கி, பாடாங் திடலைக் கடந்தோம். அப்போதுதான் விடிந்திருந்தது. எதிரே விக்டோரியா அரங்கின் மணிக்கூண்டு வெள்ளை வெளேரென்று நின்றது.

அதைப் பேருந்திலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால், அடியில் நின்று அண்ணாந்து பார்த்ததில்லை. 54 மீட்டர் உயரம், உச்சியில் குவிமாடம், அதன் கீழே கடிகாரம். வளைவுகளும் தூண்களுமாக ஒரு திருமண அணிச்சலைப் போல எனக்குத் தோன்றியது. மண்டபம் 1905இல் திறக்கப்பட்டது. கடிகாரம் வந்தது மறு ஆண்டில். ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் நிறுவனம் அதை அன்பளிப்பாக வழங்கியதாம்.

"இந்த ஊரின் நேரமே பலமுறை மாறியிருக்கிறது, தெரியுமா?" என்றார் அப்பா. 1942இல் ஜப்பானியர் வந்ததும் சிங்கப்பூர் தோக்கியோ நேரத்துக்கு மாறியது. கடிகாரங்கள் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. போர் முடிந்ததும் பழைய நேரம் திரும்பியது. பிறகு, மலேசியா தன் கிழக்கு, மேற்குப் பகுதிகளுக்கு ஒரே நேரத்தை வைத்துக்கொள்ள முடிவு செய்தபோது, சிங்கப்பூரும் சேர்ந்து மாறியது. 1981ஆம் ஆண்டின் கடைசி இரவில், பதினொன்றரை மணி அடுத்த நொடியே பன்னிரண்டு ஆனது.

"அதனால்தான் நீ இருட்டில் பள்ளிக்குக் கிளம்புகிறாய்," என்று சிரித்தார்.

அன்றிரவு தாத்தாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அப்பாவுக்கு அப்போது ஏழு வயது. புத்தாண்டு விடுமுறையிலும் தாத்தா வீட்டில் இல்லை என்று அழுதுகொண்டே தூங்கிவிட்டாராம்.

"காலையில் தாத்தா வந்து, 'உனக்காக அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டேன்' என்றார். நான் நம்பிவிட்டேன். பல ஆண்டுகள் கழித்துத்தான் விவரம் தெரிந்தது."

"பொய்தானே?"

"இல்லையே! அரை மணி நேரம் குறைந்தது உண்மைதானே?"

நான் சிரித்துவிட்டேன். கையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, ஆளுக்கொரு அதிரசம் தின்றோம்.

ஏழு நாற்பதுக்கு அப்பா எழுந்தார். ராஃபிள்ஸ் பிளேஸுக்குக் கவனா பாலத்தைக் கடந்து போக வேண்டும். மாடும் குதிரையும் செல்லக்கூடாது என்று சொல்லும் பழைய அறிவிப்புப் பலகை அங்கே இன்னமும் இருக்கிறது. அதைக் காட்டி, "எனக்கு அனுமதி உண்டு," என்றார்.

"எட்டரை மணிக்கு வந்துவிடுவீர்களா, அப்பா?"

"ஒன்பது ஆகும். மத்தாப்பை எனக்கும் மிச்சம் வை."

பாலத்தின் நடுவில் நின்று அவர் திரும்பிப் பார்த்தார். நான் கையசைத்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, என் தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தையும் பார்த்தார். பிறகு, வேகமாக நடக்கத் தொடங்கினார்.